வேலூர் வெயில், மேல்மாடி வீடு, ஒரு லாப், ஒரு பக்: கத்திரியை எப்படித் தாண்டுவது?

சத்துவாச்சாரி_மாடி கேட்டது:

வணக்கம். வேலூரில் இரண்டாவது மாடியில் வீடு, தலைக்கு மேல் நேரே மொட்டைமாடி. இரண்டு நாய்கள்: லாப்ரடார் (லாப்) ஆண், 6 வயது, 36 கிலோ. பக் பெண், 4 வயது, 9 கிலோ. வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறோம். காலை 9 முதல் மாலை 6 வரை இரண்டும் தனியாகத்தான் இருக்கும். ஏசி படுக்கையறையில் மட்டும் இருக்கிறது. மதியத்தில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேன் மட்டும் ஓடும். மொட்டைமாடியில் தகர ஷீட் போட்ட பெரிய கூண்டு இருக்கிறது, காற்று நன்றாக வரும். பகலில் அங்கே விடுவதா, ஹாலில் விடுவதா, ஏசி அறையில் பூட்டிவிட்டுப் போவதா? தண்ணீர், சாப்பாட்டில் என்ன மாற்ற வேண்டும்? பக் எப்போதுமே கொர்கொர் என்றுதான் மூச்சு விடும். அதற்கு வெயில் தாக்கியிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்படி ஆகிவிட்டால் டாக்டரிடம் போவதற்குள் என்ன செய்ய வேண்டும்?

கீற்றுக்கொட்டகை எழுதியது:

மொட்டைமாடிக் கூண்டு பகலில் வேண்டவே வேண்டாம் சார். காற்று வருகிறது என்பது சரி, எந்தக் காற்று? வேலூரில் மே மாத மதியம் 40 டிகிரியைத் தாண்டும். நாயின் உடம்புச் சூடே 38, 39 டிகிரிதான். உடம்பை விடச் சூடான காற்று மேலே பட்டால் சூடு உள்ளேதான் போகும். போதாததற்குத் தகரம் மேலிருந்தும் தளம் கீழிருந்தும் அனல் கக்கும்.

காய்ந்திருக்கும் நாய்க்கு ஃபேன் மட்டும் போட்டுவிட்டுப் போவதிலும் பெரிய பலன் கிடையாது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது, ஃபேன் காற்று அதை ஆற்றுகிறது. நாய்க்கு வியர்வை பாதத்தின் அடியில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான். நாக்கும் மூக்கின் உள்புறமும்தான் அதற்குச் சூட்டை வெளியேற்றுகிற வழி. ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் ஃபேன் வேலை செய்யும். வயிறு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் முடி குறைவு. அங்கே நனைத்துவிட்டு ஃபேன் போட்டால் வித்தியாசம் தெரியும். முதுகில் மட்டும் தண்ணீர் தெளித்தால் லாப் முடியில் அது வழிந்து ஓடிவிடும், தோலுக்குப் போகாது.

பகலில் ஹால்தான் சரி, ஆனால் ஹாலைக் கொஞ்சம் தயார் செய்ய வேண்டும். மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளிப்புறமாக வெட்டிவேர்த் தட்டியோ வெயிலை 75 சதவீதம் மறைக்கும் பச்சை நிழல்வலையோ கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கிறீர்கள். வெளியே கட்டினால் கண்ணாடியே சூடாகாது. மொட்டைமாடித் தளத்துக்கு வெள்ளைக் கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடிக்கலாம். உடனடியாகச் செலவில்லாமல் வேண்டுமென்றால் ஹாலுக்கு நேர் மேலே தென்னங்கீற்று பரப்பி, மாலை 5 மணிக்கு மேல் தண்ணீர் தெளியுங்கள். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி 10, 11 மணி வரைக்கும் அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மேல்மாடி வீடுகளில் நாய் பகலை விட ராத்திரி 8 மணிக்கு அதிகமாக மூச்சிரைக்கும். அதற்குக் காரணம் இதுதான்.

வேலூர் வெயில் வறண்ட வெயில், அதனால் ஏர்கூலர் நன்றாக வேலை செய்யும். ஆனால் எதிர்ப்பக்க ஜன்னல் ஒன்று ஒரு சாண் அளவாவது திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கூலர் போட்டால் ஒரு மணி நேரத்தில் அறை முழுக்க ஈரப்பதம் ஏறிவிடும். அதற்குப் பிறகு நாய் எவ்வளவு மூச்சிரைத்தாலும் நாக்கில் இருக்கிற எச்சில் காயாது, சூடும் இறங்காது.

ஏசி அறையில் பூட்டுவது பற்றி ஒரு எச்சரிக்கை. கரண்ட் போனால் ஏசி நிற்கும், ஜன்னல்கள் மூடியிருக்கும், கதவும் பூட்டியிருக்கும். இரண்டு நாய்கள் மூச்சுவிடுகிற சின்ன அறை சீக்கிரம் புழுங்கிவிடும். ஏசியை 26, 27ல் வைத்து மெதுவாக ஃபேனும் போடுங்கள், ஆனால் அறைக்கதவைத் திறந்து வைத்து, மூடிக்கொள்ளாதபடி ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வையுங்கள். நாய் தானே ஹாலுக்கும் குளியலறைக்கும் போய்வர வழி இருக்க வேண்டும். கொஞ்சம் கரண்ட் வீணாகும், ஆகட்டும். குளியலறைத் தரை ஈரமாக இருந்தால் லாப் அங்கேதான் போய்ப் படுக்கும், கதவைத் திறந்தே வைத்துவிடுங்கள். பினாயில், ஆசிட் பாட்டில்களை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கட்டிப்போடுவது கூடவே கூடாது. காலை 10 மணிக்கு நிழலாக இருந்த இடம் 3 மணிக்கு வெயிலில் இருக்கும்.

வால்_வைத்தியம் எழுதியது:

வீட்டைப் பற்றி மேலே சொன்னது போதும், நான் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 60 மி.லி. என்பது சாதாரண நாள் கணக்கு. உங்கள் லாபுக்கு 2 லிட்டர், பக்குக்கு அரை லிட்டர். கத்திரியில் இது ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகும். ஒரே பாத்திரம் வைத்தால் லாப் கவிழ்த்துவிடும், பக் சாயங்காலம் வரை தாகத்தோடு இருக்கும். மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்றாவது கவிழாத கனமான மண்சட்டியாக இருக்கட்டும். மண்சட்டியில் தண்ணீர் தானாகவே குளிர்ந்து இருக்கும். தினமும் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் வழுவழுப்புப் படியும்.

சாப்பாட்டை வெயில் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் வையுங்கள், காலை 7, இரவு 8.30 என்று. பாக்கெட் உணவில் ஈரம் மிகக் குறைவு, அதனால் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கொடுங்கள். ஊறியது ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், இந்த வெயிலில் கெட்டுவிடும். நடை குறைவதால் சாப்பாட்டிலும் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம். 36 கிலோ என்பது ஆண் லாபுக்கு மேல் எல்லை. விலா எலும்பைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் அந்தக் கொழுப்புதான் வெயிலில் அதற்கு முதல் எதிரி. போர்வை மாதிரி உடம்புச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

மோர் கொடுக்கலாம். உப்பு, வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய் எதுவும் இருக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அதனால் வீட்டுக்குத் தாளித்த மோரை ஊற்றாதீர்கள். முதல் நாள் இரண்டு ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள், சில நாய்களுக்குப் பால் சம்பந்தப்பட்ட எதுவும் ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போகும். தர்பூசணி விதையும் தோலும் நீக்கி நாலைந்து துண்டு கொடுக்கலாம். திராட்சை ஒன்றுகூட வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இளநீர் எப்போதாவது கால் டம்ளர் போதும். சிறுநீரகம் பழுதான நாய்க்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து.

இப்போது பக். தட்டை முகத்தில் மூக்குத் துவாரம் குறுகல், தொண்டைக்குள் மேலண்ணத்தின் சதை நீளம். லாப் ஒரு மூச்சில் ஆற்றுகிற சூட்டை ஆற்றப் பக் பல மூச்சு இழுக்க வேண்டும். அப்படி வேகமாக இழுக்க இழுக்கத் தொண்டைச் சதை வீங்கும், வழி இன்னும் குறுகும், இன்னும் வேகமாக இழுக்கும். பக்கில் ஆபத்து படிப்படியாக வராது, கடைசிக் கட்டத்தில் மளமளவென்று வரும். எப்போதும் கேட்கிற கொர்கொர் சத்தம் உங்கள் காதுக்குப் பழகியிருக்கும். அது மாறி, மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரியோ அறுப்பது மாதிரியோ கரகரவென்று கேட்டால் அது அபாயம். கழுத்தை நீட்டி, முழங்கையை விரித்து நின்றபடி படுக்க மறுத்தால் அபாயம். நாக்கு அகன்று நுனி கரண்டி போல் வளைந்து, கருஞ்சிவப்பிலிருந்து நீலம் பக்கம் போனால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சுப் பட்டைக்கு மாற்றிவிடுங்கள், இது எல்லா நாளுக்கும் பொருந்தும்.

இரண்டுக்கும் பொதுவான அறிகுறிகள்: எச்சில் நூல் நூலாகக் கெட்டியாகும். ஈறு முதலில் செக்கச்செவேல் என்று ஆகும், நிலைமை மோசமாகும்போது வெளிறி, விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் மறுபடி சிவக்க 2 நொடிக்கு மேல் எடுக்கும். கூப்பிட்டால் திரும்பாது, பின்னங்கால் தள்ளாடும், வாந்தி எடுக்கும். ரத்தம் கலந்து வயிற்றால் போனால் நிலைமை முற்றிவிட்டது.

உடம்புச் சூட்டை ஃபாரன்ஹீட்டில் சொல்கிறேன். நாய்க்குச் சாதாரணம் 101 முதல் 102.5. நமக்குக் காய்ச்சல் என்று தோன்றுகிற 101 அதற்கு இயல்பு. 104 என்றால் உடனே ஆற்ற வேண்டும். 105.8 தாண்டினால் உள்ளுறுப்புகள் வேகத் தொடங்கும் நிலை. மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், நாய்க்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முனையில் வாசலின் தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாயில் லாபுக்கு ஒரு அங்குலம், பக்குக்கு அரை அங்குலம் செலுத்திப் பீப் சத்தம் வரும்வரை பிடியுங்கள்.

வெயில் தாக்கிவிட்டால் வரிசை இதுதான்: முதலில் ஆற்று, பிறகு தூக்கு. அப்படியே காரில் போட்டுக்கொண்டு ஓடினால் அந்த அரை மணி நேரமும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். நிழலான தரையில் கிடத்தி, குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். வயிறு, தொடை இடுக்கு, அக்குள், நெஞ்சு, கழுத்து, பாதம் என்று எல்லா இடமும் நனைய வேண்டும். கூடவே டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள், சில நிமிடங்களில் துண்டு உடம்புச் சூட்டுக்கு வந்து, ஆவி போக விடாமல் அடைத்துக்கொள்ளும். நினைவோடு இருந்தால் தண்ணீரைக் காட்டுங்கள், தானாகக் குடிக்கட்டும். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். பக்கின் முகத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது. 103.5க்கு இறங்கியதும் நிறுத்தித் துடைத்துவிடுங்கள், அதற்கு மேலும் ஊற்றினால் சூடு தேவைக்குக் கீழே போய்விடும். பிறகு ஏசி போட்ட வண்டியிலோ ஜன்னல் திறந்த ஆட்டோவிலோ கிளம்புங்கள். ஒருவர் தண்ணீர் ஊற்றும்போதே இன்னொருவர் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும்.

பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதுவும் தொடாதீர்கள். காய்ச்சலில் மூளையே சூட்டை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதைக் குறைக்கும். வெயில் தாக்குதலில் மூளை உயர்த்தவில்லை, வெளிச்சூடு ஏறியிருக்கிறது. மாத்திரை அங்கே வேலையே செய்யாது, ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதுதான் மிச்சம்.

எழுந்து வாலாட்டினாலும் டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும். சிறுநீரகம் செயலிழப்பது, ரத்தம் உறையாமல் போவது, ஈரல் கெடுவது எல்லாம் ஒரு நாளிலிருந்து மூன்று நாள் கழித்தும் வெளிப்படும். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) இரண்டையும் மறுநாளும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பாலாறு_பைரவன் எழுதியது:

ஐஸ் தண்ணீர் ஊற்றவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தோலின் ரத்தக் குழாய் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும் என்பார்கள்.

வால்_வைத்தியம் எழுதியது:

நீண்ட நாளாகச் சொல்லப்பட்டது அது. இப்போது மருத்துவர்கள் அப்படிக் கறாராகச் சொல்வதில்லை. இளம் வயது, வேறு நோய் இல்லாத நாயாக இருந்து, ஓடி விளையாடிச் சூடேறியிருந்தால் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் தலை வெளியே இருக்கும்படி இறக்குவதே வேகமான வழி. வயதான நாய், இதயநோய் உள்ள நாய், பக் போன்றவற்றுக்குக் குழாய்த் தண்ணீரும் ஃபேனும் பொருத்தம். ஐஸ் தேடுகிறேன், சரியான குளிர்ச்சியில் தண்ணீர் கலக்கிறேன் என்று நேரம் கடத்துவதில்தான் நாய்கள் போகின்றன. உடம்பை விடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் அந்த நேரத்தில் மருந்துதான்.

கீற்றுக்கொட்டகை எழுதியது:

இங்கே ஒன்று சேர்க்க வேண்டும். மேல்மாடி வீட்டில் மதியம் 2 மணிக்குக் குழாயைத் திறந்தால் என்ன வரும்? மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியின் கொதிநீர்! வெயிலில் கிடக்கும் ரப்பர் ஹோஸில் முதலில் வருவது தோலையே சுட்டுவிடும். அதனால் தினமும் காலை 6 மணிக்கு 20 லிட்டர் பக்கெட் இரண்டை நிரப்பிக் குளியலறையில் மூடி வையுங்கள். அவசரத்துக்கு அந்தத் தண்ணீர்தான். ராத்திரி அதையே துணி துவைக்க எடுத்துக்கொண்டு மறுநாள் புதிதாக நிரப்புங்கள், கொசு வராது.

கடலூர்_ஸ்பிட்ஸ் கேட்டது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்தியன் ஸ்பிட்ஸுக்கு மொட்டை அடித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்குமா? பக்கத்து வீட்டு அக்கா வருடா வருடம் செய்கிறார்.

சீப்பும்_சிக்கும் எழுதியது:

வேண்டாம்மா. ஸ்பிட்ஸ், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன், ஹஸ்கி எல்லாம் இரட்டை முடி நாய்கள். மேல்முடி வெயில் நேரே தோலில் படாமல் தடுக்கும். தொல்லை கொடுப்பது அடியில் பஞ்சு மாதிரி இருக்கும் முடிதான். உதிர்ந்தும் வெளியே வராமல் அடைத்துக்கொண்டால் காற்று தோல்வரை போகாது. மிஷின் வைத்து வழித்தால் இரண்டும் போய்விடும். திரும்ப வரும்போது அடிமுடி முதலில் வந்து திட்டுத்திட்டாக நிற்கும், சில நாய்களுக்கு மேல்முடி வரவே வராது.

அடிமுடி எடுக்கிற ரேக் சீப்பு வாங்குங்கள். கழுத்துப் பிடரி, தொடையின் பின்புறம், காதின் பின்பக்கம் மூன்றிலும்தான் சிக்கு சேரும். முடியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, தோல் கோடு போல் தெரியும்படி வகிடெடுத்து, அந்த வரிசையில் மட்டும் சீவி, அடுத்த வரிசைக்கு இறங்குங்கள். மேலாக வாரினால் பளபளப்பாகத் தெரியும், அடியில் கம்பளி அப்படியே இருக்கும். வயிற்றின் அடியில் மட்டும் முடியை ஒட்ட வெட்டிவிடலாம், குளிர்ந்த தரையில் படுக்கும்போது தோல் தரையைத் தொடும். குளிப்பாட்டினால் அடிவரை உலர்த்த வேண்டும். கடலூர் மாதிரிக் கடலோர ஈரக்காற்றில் அது தானாகக் காயாது, ஒரே நாளில் புண் பிடிக்கும். ஏர்கூலரும் உங்கள் ஊரில் அவ்வளவாக எடுபடாது, எக்ஸாஸ்ட் ஃபேனும் ஏசியும்தான்.

வெள்ளை ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால்: இளஞ்சிவப்பு மூக்கும் காது நுனியும் வெயிலில் வெந்து தோலுரியும். 10 முதல் 4 மணி வரை நிழலில்தான் இருக்க வேண்டும். நாம் பூசுகிற சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடு இருந்தால், நக்கும்போது அது வயிற்றுக்குள் போய் விஷமாகும்.

சத்துவாச்சாரி_மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பக்கெட் விஷயம் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம். காலை 7.30 மணி நடை சரியா? லாப் நிழலில் படுத்திருக்கும்போதும் இரண்டு நாளாக மூச்சிரைக்கிறது, சாப்பாடும் பாதிதான் சாப்பிடுகிறது. இது வெயில்தானே?

வால்_வைத்தியம் எழுதியது:

இரண்டாவதற்கு முதலில் பதில். வெயில் என்று முடிவு கட்டாதீர்கள். உண்ணிகள் பெருகுகிற காலமும் இதுதான். உண்ணிக் காய்ச்சலிலும் நாய் மூச்சிரைக்கும், சாப்பிடாது. விடியற்காலை 5 மணிக்கு, வீடு ஆறியிருக்கும் நேரத்தில், ஓடியாடாமல் படுத்திருக்கும்போது தெர்மாமீட்டர் வையுங்கள். அப்போதும் 103க்கு மேல் இருந்தால் அது காய்ச்சல். ஈறு வெளிறியிருக்கிறதா, மூத்திரம் காப்பி நிறத்தில் போகிறதா, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். காதுமடலின் உள்மடிப்பு, விரலிடுக்கு, வாலின் அடி மூன்றிலும் உண்ணி ஒளிந்திருக்கும். எதுவும் தென்படாவிட்டாலும் இரண்டு நாளாகப் பாதிச் சாப்பாடு என்றால் நாளைக்கே டாக்டரிடம் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். உண்ணிக்கு நீங்களாகவே மருந்து கலந்து குளிப்பாட்ட வேண்டாம், எடைக்கேற்ற அளவை டாக்டர் சொல்லட்டும்.

நடைக்கு 7.30 தாமதம். 5.30க்குக் கிளம்பி 6.15க்குள் திரும்பிவிடுங்கள், லாபுக்கு 20, 25 நிமிடம் போதும். பக்குக்கு 10 நிமிடம், வெளிக்கிருந்துவிட்டு வந்தால் சரி. மாலையில் கடிகாரத்தை நம்பாதீர்கள். தார் ரோட்டில் புறங்கையை வைத்து 7 நொடி எண்ணுங்கள். எடுக்கத் தோன்றினால் நாயின் பாதமும் வேகும். சூரியன் மறைந்தும் தார் ஆற நேரமாகும், மண் தரை முன்னாலேயே ஆறிவிடும். டாக்டரிடம் போகும்போது வாயைக் கட்ட வேண்டியிருந்தால் துணிக் கட்டு வேண்டாம், வாய் திறந்து மூச்சிரைக்க இடமுள்ள கூடை மாதிரியான முகமூடிதான். காரில் போனால் ஒருவர் வண்டியிலேயே ஏசி போட்டு உட்கார்ந்திருங்கள். வண்டியை அணைத்துவிட்டால் 10 நிமிடத்தில் உள்ளே சூடு சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும், ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் குறையாது.

பாலாறு_பைரவன் எழுதியது:

வேலூரில் எந்தக் கிளினிக் ராத்திரி திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை யார் போன் எடுப்பார்கள் என்பதை நாளைக்குப் போகும்போதே கேட்டு, நம்பரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பகலில் நீங்கள் இல்லாதபோது மதியம் ஒரு மணிக்கு வந்து தண்ணீரும் மூச்சும் பார்த்துவிட்டுப் போகக் கீழ்வீட்டில் யாரிடமாவது சாவி கொடுத்து வையுங்கள். பக் எப்படி மூச்சு விட்டால் சாதாரணம் என்று ஒரு நிமிட வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பி வைத்தால், மாறினால் அவருக்கும் தெரியும்.